பொலிஷ் மேசையில் வெள்ளை வளையம்

சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்து எடுத்தால், பளபளத்த பொலிஷில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்துவிடுகிறது. கண்டியில் பாட்டன் காலத்து மேசை, அலுமாரி வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பழகிய கவலை. பலர் உடனே சாண்ட்பேப்பரைத் தேடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த வெள்ளை மரத்தில் இல்லை, மேலே உள்ள பூச்சில் இருக்கிறது.

அந்தக்காலப் பொலிஷ் பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரந்து தன்னை மூடிக்கொள்ளும் பிசின் அது. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். மாத்தளை மாவட்டத்து ஹப்புவிடக் கிராமத்துக் கைவினைஞர்கள் தலைமுறைகளாக நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். நிறமூட்டிய அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் மரத்தில் அழுத்திப் பதிக்கிறார்கள், தூரிகை கிடையாது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் இந்த அரக்கு வேலையும் இடம்பெற்றது.

மேசையிலும் நடப்பது அதே இளக்கம்தான். கோப்பையின் சூட்டில் நெகிழ்ந்த படலத்துக்குள் ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்குகிறது. அவை ஒளியைச் சிதறடிப்பதால், மலையில் இறங்கும் பனிமூட்டம் போல வெளுப்புத் தெரிகிறது.

முதலில் வாசலீன் தடவி இரவு முழுக்க விட்டு, காலையில் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை துளைகளை நிரப்ப, வெளுப்பு அடங்கும். போகாவிட்டால், உலர்ந்த பருத்தித் துணியை விரித்து, இளஞ்சூட்டில் அயனைச் சில விநாடிகள் மட்டும் வைத்து எடுக்கலாம், ஈரம் வெளியேறும். பேராசைப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் துணியே அரக்கில் ஒட்டிவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரே வீச்சில் தடவி, மேற்படலத்தைக் கரைத்துப் படியவைப்பது பழகிய பொலிஷ்காரரின் கைக்கே விடவேண்டிய வேலை. பொலியூரிதேன் பூசிய புதுச் சாமான்களில் அது பலிக்காது.

கறுத்த கறை வேறு. அங்கே நீர் மரத்துக்கே இறங்கி, மரத்தின் டானினும் இரும்பும் சேர்ந்துவிட்டன. பழங்கால எழுத்துமையும் இவ்விரண்டின் சேர்க்கைதான். பூச்சை முழுதாக நீக்கி, ஒக்சாலிக் அமிலக் கரைசல் பூசவேண்டும். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிறகு அமிலம் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி பொலிஷ். அதை ஒக்டோபர், நவம்பர் மழையில் செய்யவேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேசை முழுவதும் வெளுத்துப்போகும்.