கோணிச் சாக்கில் ஒரு வகுப்பு

"புள்ளைங்களுக்கு நம்ம விவசாயத்தை எப்படிம்மா சொல்லிக்கொடுக்கிறது? லீவு விட்டா போனை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க." கூட்டங்களுக்கு வரும் உழவர்கள், அதிலும் பெண்கள், அடிக்கடி கேட்பது இது. நான் டீச்சர் இல்லை. திண்டிவனம் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை, உளுந்து, கம்பு போடுகிறவள். மகன் ஐந்தாவது, மகள் மூன்றாவது. சனிக்கிழமையானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். போன ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உங்களுக்கு எது ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ராத்திரி மழை. விடிந்ததும் வாசலில் வைத்திருந்த டின்னில் ஸ்கேலை விட்டுப் பார்த்தார்கள். 14 மில்லிமீட்டர். பால்பவுடர் டின், பெரிய பிஸ்கட் டின் இரண்டையும் வைத்திருந்தோம். ரெண்டுலயும் ஒரே அளவு. "எப்படிம்மா? பெரிய டின்னுல நெறைய இருக்கணும்ல?" என்றாள் சின்னவள். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் யோசித்துச் சொன்னான்: "வாய் பெருசு, அதனால நெறைய விழும். ஆனா அடியும் பெருசுல்ல, பரவிடும்." இதைவிட நான் நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. பக்கம் நேராக இருக்கும் எந்த டின்னும் மழைமானிதான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். பெரியவன் நோட்டில் பெருக்கினான்: 56,658 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி 56 நிறைந்து இன்னும் மீதி. "இவ்ளோ தண்ணி எங்கம்மா போச்சு?" என்று கேட்டான். வரப்பு, மூடாக்கு, மண்ணில் மட்கு எல்லாம் பேச அதற்கு மேல் நல்ல நேரம் ஏது!

அன்றைக்கு முக்கியமான வேலை வேறு. அதற்கு முந்தின சனிக்கிழமை விதை மல்லாட்டையில் 100 பருப்பை எண்ணி, பொறுக்காமல் கொள்ளாமல் கைக்கு வந்ததை எடுத்து, நனைத்த கோணிச் சாக்கில் பத்துப் பத்தாய் அடுக்கிச் சுருட்டி நிழலில் வைத்திருந்தோம். தினமும் தண்ணீர் தெளிப்பது சின்னவள் பொறுப்பு. தெளித்ததும் காலண்டரில் ஒரு டிக்.

பிரித்து எண்ணினால் அண்ணன் 74 என்கிறான், தங்கை 68 என்கிறாள். ஒரே சண்டை. சாக்கை மறுபடி விரித்துப் பார்த்தால், மேற்படி ஆறும் லேசாக வாய் பிளந்து வேர்முனை கறுத்துப்போனவை. அண்ணனுக்கு அது முளைப்பு, தங்கைக்கு இல்லை. "இதை நெலத்துல போட்டா செடி வருமா?" என்று மட்டும் கேட்டேன். அவனே ஆறையும் எடுத்துத் தள்ளி வைத்தான்.

இந்த ஆறு பருப்பு எங்களுக்கு விளையாட்டு இல்லை. சான்று விதைக்கு மல்லாட்டையில் குறைந்தது 70 விழுக்காடு முளைப்பு வேண்டும். 74 என்றால் அப்படியே விதைத்திருப்போம். 68-ஐ வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சின்னவளுக்கு வகுத்தல் இன்னும் சரியாக வராது. ஆனாலும், "மூணு போட்டா ரெண்டுதான்பா மொளைக்கும்" என்றாள். முளைக்காததைப் புரட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் தோல் கிழிந்த பருப்பு. மெஷினில் உடைத்த விதை அது. மிச்ச விதைக்காயைக் கையால் உடைப்பது, பொக்கு, தோல் போனது எல்லாம் கழிப்பது, திரும்பவும் 100 போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பிள்ளைகள் எடுத்த கணக்கை வைத்து வீட்டில் ஒரு முடிவு நடக்கணும். எண்ணிக் கொடுத்ததை நாம் ஓரமாகப் போட்டுவிட்டு, ஏற்கெனவே நினைத்ததையே செய்தால், அடுத்த தடவை அதுங்க ஏன் ஒழுங்காக எண்ணப்போகுது?

அதேபோல இன்னொன்று. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகத்தான் கணக்கும் மொழியும் வரவேண்டும் என்றார். பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானத்திலேயே பள்ளிச் செலவைப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு அப்போதே எதிர்ப்பு வந்தது. படிப்பு என்ற பேரில் வேலை வாங்கிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் இன்றைக்கும் நியாயம்தான். 100 பருப்பு எண்ணுவது பாடம். 50 கிலோ பருப்பு பொறுக்குவது வேலை, அது நம் வேலை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு படி உடைத்தார்கள், அதோடு போதும் என்று அனுப்பிவிட்டேன். மாமியாருக்கு இதில் வருத்தம். "நாங்கல்லாம் மூட்டை மூட்டையா ஒடைச்சோம்" என்றார். அதனால்தானே அத்தை உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பலை என்று கேட்க வாய் வரவில்லை.

மத்தியானம் ஒரு மணி நேரம் பாடப்புத்தகம், அதில் சலுகை கிடையாது. சின்னவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அவங்கப்பாவின் பழைய விதைப்பு நோட்டைக் கொடுத்தால், அவர் கிறுக்கலைக் கேலி செய்தபடியே இரண்டு பக்கம் படித்துவிடுகிறாள். விதைப் பானைக்குச் சீட்டு எழுதுவதும் அவள்தான்: தேதி, ரகம், எந்தக் கொல்லை, எத்தனை முளைத்தது.

செய்துபார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பூச்சிவிரட்டிக்கு எருக்கு, ஊமத்தை இடிக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இயற்கை என்பதற்காக எல்லாம் சாது இல்லை. தரைக்கிணறு இருந்தால் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் கட்டாயம் வேண்டும்.

மறுவாரம் சாக்கைப் பிரித்தபோது 89. இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினார்கள், கறுத்த வேரை இந்தத் தடவை அண்ணனே முதலில் தள்ளினான். வழக்கம்போல ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்று வைத்து விதைத்தோம்.