பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் புல எண்ணில் யார், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அடங்கல் எழுதியே என் காலம் போனது. அந்தப் பழக்கம் விடவில்லை. பி.எம். கிசான் இணையதளத்தில் எங்கள் ஊர்ப் பயனாளிகள் பட்டியலை அவ்வப்போது எடுத்து ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். கடவுச்சொல் எதுவும் கேட்காது. அரசு யாருக்குப் பணம் போடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

திட்டம் எளிமையானது. சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் வரும். 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். சில மாதங்களிலேயே அந்த வரம்பு போய்விட்டது. வருமான வரி கட்டுபவர்களுக்குக் கிடையாது.

2020 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் விவசாயிகளாகப் பதிவாகியிருந்தார்கள். விண்ணப்பங்களை ஒப்புதல் செய்ய வேளாண் அதிகாரிகளுக்குக் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தன. தகுதியில்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, கைதுகள் நடந்தன, வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத கேள்வி ஒன்று உண்டு. சென்னையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெயர் உண்மையா பொய்யா என்று எப்படித் தெரியும்? ஊரில் டீக்கடையில் நிற்பவருக்குத் தெரியும். இன்னாருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பயனாளிகள் பட்டியலைக் கிராம அளவில் வெளியிட வேண்டும் என்று திட்டத்தின் விதிமுறையே சொல்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால், கிராம சபையில் உரக்க வாசித்திருந்தால், இத்தனை பெயர்கள் உள்ளே வந்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழகத்தோடு இது நிற்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதில் ஒன்று 2021 ஜனவரியில் வெளிவந்தது. நாடு முழுவதும் தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுபவர்கள்.

பெயரை வெளியிட்டால் அந்தரங்கம் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் இதே வழக்கு வந்து, மானியம் வாங்கும் தனிநபர் விவசாயிகள் எல்லோருடைய விவரத்தையும் வேறுபாடு பார்க்காமல் வெளியிடுவது செல்லாது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-இல் புது விதி கொண்டு வந்து, மிகச் சிறிய தொகை வாங்குபவர்களின் பெயரை மட்டும் மறைத்து, மற்றவர்களுடையதை மறுபடி வெளியிட்டார்கள். நம் ஊரில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் மறைவாக இருக்கட்டும். பெயரும் தொகையும் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

பட்டியலில் வரவே வராதவர்களும் இருக்கிறார்கள். குத்தகைக்கு உழுபவருக்குத் தன் பெயரில் பட்டா கிடையாது. அதனால் இந்தப் பணமும் கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த ஊர்களில் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் அதிகம். எழுத்தில் வந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுவார். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் வாய் திறக்க மாட்டார்.

அடுத்த கிராம சபையில் பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லப் போகிறேன். கூடவே அடங்கலையும் கொண்டுவரச் சொல்வேன். பணம் வாங்குபவர் யார், உழுபவர் யார் என்று இரண்டையும் ஊர் ஒரே நேரத்தில் கேட்கட்டும்.