ஒலிபெருக்கி யாருடையது?

ஏப்ரல் 14 வந்தால் நம் தெருக்களில் மைக் செட் கட்டுவார்கள். வேப்பமரத்தில் ஒரு குழாய், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு குழாய். காலையில் முதல் பாட்டு ஒலித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து கம்பத்தடியில் நிற்பார்கள். பெரியவர்களுக்கு இருக்கும் கவலை வேறு. ஊர்த்தெருப் பக்கம் பார்த்த குழாயைத் திருப்பி வைக்கச் சொல்லி ஆள் வருமா, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி போலீஸ் வருமா என்பதே அது. கோயில் திருவிழாவில் பத்து நாள் அலறும் குழாய் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அம்பேத்கர் பிறந்த நாளில் ஒருநாள் பாடினால் மட்டும் காது வலிக்கிறது. பாட்டுக்கு முன்னால் சாதிதான் காதில் விழுகிறது என்பது நமக்குப் பழகிப்போன செய்தி.

இந்தத் தெருக்களிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் அங்கே வேறொரு ஒலிபெருக்கியைச் சந்திக்கிறார்கள். கல்லூரி விழாக்களில் 'டிஜே நைட்', ஹோட்டல்களில் இசையிரவு, கடற்கரையில் மேடைக் கச்சேரி. கம்ப்யூட்டரும் மின்கருவிகளும் எழுப்பும் இசை, ஆள் உயர ஸ்பீக்கர்கள், வண்ண விளக்குகள். அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் ஜனவரி தோறும் நடக்கும் 'சாரங்' விழாவில் இதற்கென்றே ஓர் இரவை ஒதுக்குவது வழக்கம். முதன்முறை இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் சிலர், "அது பெரிய இடத்துப் பிள்ளைகளின் இசை, நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை என்பதைச் சொல்லவே இந்த வாரக் கட்டுரை.

வாசலில் நின்று கேட்டது

சில மாதங்களுக்கு முன்பு தி.நகரில் ஒரு ஹோட்டலில் நடந்த இசையிரவுக்குக் கல்லூரி மாணவர்கள் இருவரோடு நாம் போயிருந்தோம். ஒருவர் செருப்பு அணிந்திருந்தார். ஷூ இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார் வாசலில் நின்றவர். இன்னொருவர் ஷூ போட்டிருந்தார். அவரிடம், பெண் துணையில்லாமல் வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்றார். யாரும் நம் சாதியைக் கேட்கவில்லை. கேட்காமலேயே யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று முடிவுசெய்ய வழிகள் இருக்கின்றன.

எதிர்ப் பக்க நடைபாதையில் டீ குடித்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே பாடும் குரல் வெளியே வரவில்லை. கனமான அடி மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. தாழ்ந்த ஒலியைச் சுவர்கள் எளிதில் தடுப்பதில்லை. அடுத்த ஊரில் பறை அடித்தால் அதன் சன்னமான குச்சி ஓசை வராமல் கனத்த அடி மட்டும் நமக்குக் கேட்பதும் இதனால்தான். நம்முடன் வந்த மாணவர் இதைத் தானாகவே கவனித்துச் சொன்னார்.

பிறகு அவர்களோடு ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் போனோம். அங்கே டிக்கெட் இல்லை, ஷூ கணக்கும் இல்லை. மேடைக்கு முன்னால் நின்றபோதுதான் இந்த இசையின் ருசி புரிந்தது. செல்போனில் கேட்பது இதில் பாதிகூட இல்லை. பெரிய ஸ்பீக்கரின் அடியைக் காது கேட்கும் முன் நெஞ்சும் வயிறும் உணர்ந்துவிடுகின்றன. டிஜே ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டே, ஓடும் பாட்டின் வேகத்தோடு அதைச் சேர்க்கிறார். நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி வரை ஓடும் தாளம் அறுபடாமல் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. கூட்டம் தளர்ந்தால் தாளத்தை ஏற்றுகிறார், களைத்தால் அடியை நிறுத்தி மூச்சு விட வைக்கிறார். ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து அடியை மாற்றும் இந்த வித்தை, பறையடிக்கும் நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான்.

விரட்டப்பட்டவர்களின் கண்டுபிடிப்பு

இந்த இசை பணக்காரர் வீட்டில் பிறந்ததும் இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் ஒரு பார்ட்டி நடந்தது. பள்ளி திறக்கும்போது புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற கறுப்பினப் பெண் அதை ஏற்பாடு செய்தார். ஜமைக்காவில் பிறந்து வளர்ந்த அவருடைய அண்ணன் கூல் ஹெர்க், பாடல்களில் வெறும் தாளம் வரும் இடங்களை இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து நீட்டினார். ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாக உலகம் இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான்.

1977ல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கு திறந்தது. மற்ற இடங்களில் மதிப்பில்லாத கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், குறிப்பாகத் தன்பாலீர்ப்பாளர்கள், அங்கே கூடினார்கள். ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே வாசித்ததிலிருந்து 'ஹவுஸ்' இசை வளர்ந்தது. கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட்டை ஒட்டிய பெல்வில் ஊரில் ஒன்றாகப் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் 'டெக்னோ'வை உருவாக்கினார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980ல் வெளியிட்ட டிஆர்-808 தாளக் கருவி, உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று பலராலும் ஒதுக்கப்பட்டது. பழைய சாமான் கடைக்கு மலிவாக வந்த அந்தக் கருவியைக் காசில்லாத பிள்ளைகள் வாங்கி, புதிய இசையை உண்டாக்கினார்கள்.

அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் விளையாட்டு அரங்கில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அன்று அரங்கில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், டிஸ்கோ அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளையும் மக்கள் கொண்டுவந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அவரே பின்னாளில் ஹவுஸ் இசைக் கலைஞரானார். குழாயைத் திருப்பி வைக்கச் சொல்லும் ஊரில் வளர்ந்த நமக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சபாவிலும் மின்சாரம்தான்

மின்சாரம் கலந்தால் இசை கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களை மார்கழியில் ஒருமுறை பார்க்கலாம். பாடகருக்கு முன்னால் மைக் இருக்கிறது. தம்புரா மீட்ட ஆள் இல்லாத மேடைகளில் ஒரு சிறு மின்பெட்டி சுருதி போடுகிறது. பெங்களூரின் ராடெல் நிறுவனம் 1979லேயே மின்னணுத் தம்புராவை உருவாக்கிவிட்டது. யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்து உலகப் புகழ் பெற்றார். முதலில் தயங்கியவர்களும் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றதில் தவறில்லை. அதே மின்சாரத்தில் ஒரு கானாக் கலைஞர் ரிதம் பேடும் கீபோர்டும் வைத்துப் பாடினால் அது 'சத்தம்' ஆகிவிடுவதுதான் கேள்வி.

2017ல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்தது. அந்த இசைக் கணக்கில் சபாக்களுக்குக் கிடைக்கும் இடம், குப்பங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவுக்குக் கிடைக்கிறதா?

நாம் எழுப்பிய மேடைகள்

கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, மேடைகளும் எழுந்தன. அடையாறுக்கு அடுத்த பெசன்ட் நகரில், ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ல் ஒரு விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் மீனவ மக்களோடு சேர்ந்து அதை நடத்தினார்கள். கர்நாடக இசையும் பறையும் கானாவும் ஒரே குப்பத்துத் தெருவில் ஒலித்தன. குப்பத்தின் பெயரில் இருக்கும் ஆல்காட், 1894ல் இதே பகுதியில் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியவர்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 19 பேர். பறை, சட்டி, கட்ட மோளம் ஒருபக்கம், கிதார், டிரம்ஸ், கீபோர்டு மறுபக்கம். 'சாதி பேதமற்ற' என்று நம்மை அழைத்துக்கொள்ளச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பண்டிதர் 1907ல் 'ஒரு பைசா தமிழன்' இதழைத் தொடங்கிய இராயப்பேட்டை, மயிலாப்பூருக்குப் பக்கத்துப் பகுதிதான். இந்தக் குழுவின் கானாப் பாடகி இசைவாணி 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அதே 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றால் சபா மட்டும்தான் என்ற வழக்கத்துக்கு நம் பக்கத்துப் பதில் அது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சாவுக்கு மட்டும் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவியை, இனி கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தவர்களும், கலையாக மீண்டும் கையில் எடுத்தவர்களும் சேர்ந்துதான் அந்த மரியாதையைச் சம்பாதித்தார்கள்.

பெயர் எங்கே?

மேடை கிடைத்தாலும் பெயர் தானாகக் கிடைத்துவிடாது. அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, 2019ல் ஆஃப்ரோ என்ற இசைக் கலைஞருடன் 'தெருக்குறள்' தொகுப்பை வெளியிட்டவர். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயுடன் அவர் எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்த பாட்டு அது. அதைப் பிரான்ஸின் டிஜே ஸ்நேக் நடனத்துக்கேற்ற ரீமிக்ஸாக மாற்றினார். அதற்காக நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வைத்த விளம்பரப் பலகையில் அறிவு இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையிலும் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாக எதிர்த்தார், பலரும் கேள்வி கேட்டார்கள். பின்னர் அந்த இதழ் அறிவின் படத்துடன் தனி அட்டையை வெளியிட்டது. கேட்ட பிறகே வந்தது.

உலகம் அறிந்த கலைஞருக்கே இது என்றால், கிராமத்துப் பறைக் குழுவின் நிலை என்ன? இன்று ஒருவர் உங்கள் அடியைச் செல்போனில் பதிவுசெய்து, வெட்டி, ஒரு டிஜே மிக்ஸில் சேர்த்துவிட முடியும். ஆடுகிறவர்களுக்கு அது யார் கை அடித்தது என்று தெரியவே தெரியாது. மாணவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. வாசித்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் உண்டு. தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அதில் சேர்ந்தது. ஊரில் யாராவது பதிவுசெய்ய வந்தால், யார் யார் வாசித்தார்கள், எதற்காகப் பதிவு, எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். நீங்கள் கேளுங்கள்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதித் தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால், குழாயைத் திருப்பச் சொல்லி வருபவரிடம் காட்டலாம். கோயில் திருவிழாவுக்கும் அதே விதிதான் என்பதையும் பணிவாகச் சொல்லலாம். பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நெடுநேரம் நிற்காமல் இருப்பதும், சிறு பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதும் நம் காதுக்கு நாம் செய்துகொள்ளும் உதவி.

சென்னையில் இன்னும் ஒரு தூரம் பாக்கி இருக்கிறது. ஆற்றோரங்களிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டுள்ளன. அங்கிருந்து மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ இசை கேட்க வரும் பிள்ளை, கச்சேரி சூடுபிடிக்கும் நேரத்தில் கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. விழா நடத்துபவர்கள் மேடையை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன?

அது நடக்கும்வரை நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரும் ஏப்ரல் 14க்கு மைக் செட் கட்டும்போது, செட்காரரின் மிக்சர் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்து. எந்தத் திருகு எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், பாடியவர், பறை அடித்தவர் பெயரை மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவுசெய்யட்டும்.