விசுவாசம்: ஒரு சொல், இரு பொருள் - தேவசகாயம் வாழ்வை முன்வைத்து

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘விசுவாசம்’ இறைநம்பிக்கையைக் குறிக்கும். பொதுவழக்கிலோ, தலைவனிடத்துப் பிறழாத பற்றையும் அது சுட்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளையின் வாழ்வில் இவ்விரு பொருளும் மோதின.

மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலரான அவர், டச்சுப் படைத்தலைவர் டிலனாய் வழியாகக் கிறித்தவம் அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருமுழுக்கு தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் அளிக்கப்படுவது. கத்தோலிக்கர் ‘மூவொரு கடவுள்’ என்றும், சீர்திருத்தச் சபையார் ‘திரியேக தேவன்’ என்றும் வழங்கும் இக்கோட்பாட்டில், மகன் தந்தைக்குச் சாவு வரை கீழ்ப்படிகிறார். அடியாரின் மன்றாட்டும் தூய ஆவியாரின் துணையோடு மகன் வழியாகவே தந்தையிடம் செல்கிறது. எனவே கீழ்ப்படிதல் என்பது இங்கு ஏவலுக்கு அஞ்சும் பணிவன்று. மகன்மையின் உரிமையோடு கூடிய இசைவு. அரண்மனை எதிர்பார்த்த விசுவாசம் இதனின் வேறானது.

1749-இல் சிறைப்பட்ட தேவசகாயம், 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குமுன் மண்டியிட்டு மன்றாடினார் என்பது மரபுச் செய்தி. தண்டனைக்குக் காரணம் மதமாற்றமா, அரசுக்குற்றமா என்பதில் வரலாற்றாசிரியர் ஒத்த கருத்தினரல்லர். பக்தி நூல்கள் இவ்வினாவை எளிதாகக் கடந்துவிடுகின்றன. விசுவாசம் என்னும் சொல்லின் இருபொருளை நோக்கின், அது அத்துணை எளிதன்று.

அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, ‘பிள்ளை’ என்னும் சாதிப்பெயர் விடுக்கப்பட்டு, திருமுழுக்கில் பெற்ற பெயரே எஞ்சியது.