காருக்குப் போர்வை... காதுக்கு?

எங்கள் சென்னிமலைக்கு ஒரு பெருமை உண்டு. 1984-ல் இரட்டை மாட்டு வண்டி ஒன்று முருகன் கோயிலின் 1,320 படிகளையும் ஏறி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. படிக்குப் படி எப்படிக் கடகடத்திருக்கும்! 'சத்தம் ஜாஸ்தி' என்று மாடுகள் புகார் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

நாம்தான் மாறிவிட்டோம். ஏ.ஸி. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாலும், பெருந்துறை தாண்டி நாலுவழிச் சாலையில் வேகம் பிடித்ததும் 'ஙொய்ங்' என்று ஓர் இரைச்சல். அதற்கு மருந்து என்று கடைகளில் 'டேம்பிங் ஷீட்' விற்கிறார்கள். காருக்கு உள்பக்கமாகப் போர்த்தும் போர்வை! போர்வைக்குப் பேர்போன ஊர்க்காரனாகிய என்னிடமே வந்து கேட்டார் மச்சான்.

அவர் இருபத்தைந்து வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறவர். புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கிறார். கதவு, தரை, டிக்கி, கூரை எல்லாவற்றுக்கும் ஒட்ட நாற்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள்.

"ஏனுங் மாப்ளே, போடலாமுங்களா?"

கோயில் மணியை அடித்துவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கப்பென்று அடங்கிவிடும். டேம்பிங் ஷீட் செய்வதும் அதேதான். ப்யூட்டைல் ரப்பர்; அதன்மேல் அலுமினியத் தகடு. காரின் மெல்லிய தகரத்தில் இதை ஒட்டினால், தகரம் அதிர்வது குறைகிறது. தகரம் முழுவதையும் மூட வேண்டிய அவசியம்கூட இல்லை. கால்வாசியிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் வந்துவிடும்.

கதவைச் சாத்தும்போது 'டங்' என்பது 'டப்' என்று மாறும். பெரிய கார் மாதிரி ஒரு தோரணை! கதவில் இருக்கும் ஸ்பீக்கரில் இளையராஜா இன்னும் கணீரென்று பாடுவார். கூரையில் ஒட்டினால் மழை தடதடப்பதும் குறையும்.

ஆனால் ஒன்று. இது அதிர்வை அடக்குமே தவிர, வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுக்கும் சுவர் அல்ல. டயர் இரைச்சலும் காற்றின் சீறலும் முக்கால்வாசி அப்படியேதான் இருக்கும். கருவி வைத்து அளந்தால் பெரும்பாலும் இரண்டு, மூன்று டெசிபல்தான் குறையும். சத்தம் பாதியாகிவிட்டது என்று நம் காது ஒப்புக்கொள்ள பத்து டெசிபலாவது குறைய வேண்டும்!

"அப்ப தண்டமுங்களா?"

தண்டமில்லை. வரிசை முக்கியம். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். தாறுமாறாகத் தேய்ந்த டயர் ஓலமிடும். கதவு ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சக்கர பேரிங் 'ஊ...' என்று முனகினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அது எச்சரிக்கை மணி. அதைப் போய் ஷீட் ஒட்டி மூடுவது, காய்ச்சல்காரனுக்கு பவுடர் பூசுகிற கதை.

இதெல்லாம் ஆன பிறகு, நாலு கதவுக்கு மட்டும் ஒட்டலாம். அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் தரைக்கும் யோசிக்கலாம். உள்ளூருக்குள் சுற்றுகிற காருக்கு அது அநாவசியம். விலை மலிவு என்று தார் ஷீட் வாங்கிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் உருகி நாறும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் ஆறு தடவை "என்னதுங்?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "டி.வி.யை இவரு வெச்சாருன்னா மூணு வீடு தள்ளி நியூஸ் கேக்கலாமுங்க!"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கார் ஓடும்போது உள்ளே இருப்பது 70 டெசிபலை ஒட்டிய சத்தம். எரிச்சல் தரும், களைப்பு தரும், காதைக் கெடுக்காது. விசைத்தறிக் குடோனில் 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பத்திரம் என்று கணக்கு. அதற்கு மேல் மூன்று மூன்றாக ஏற ஏற, நேரம் பாதி பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான்! மச்சானும் அவர் ஆட்களும் அங்கே முழு ஷிஃப்ட் நிற்கிறார்கள்.

காதுக்குள் நுண்ணிய மயிர் போன்ற செல்கள் உண்டு. செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். குருவிச் சத்தம் போகும். பேச்சில் 'ஸ', 'ச' எல்லாம் மங்கும். ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசினார் என்பதுதான் புரியாது. வலி கிடையாது, அதனால் யாரும் கவனிப்பதும் கிடையாது. 'தறிக்காரங்கன்னா சத்தமாத்தான் பேசுவாங்க' என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இதற்கான மருந்து சில ரூபாய் பொருள்: நுரைக் காதடைப்பான். உருட்டி மெலிதாக்கி, காதை மேலே இழுத்துச் செருகி, அது விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். சரியாகச் செருகினால் 15, 20 டெசிபல் குறையும். நாற்பதாயிரம் ரூபாய் ஷீட்டால் முடியாத காரியம்! பஞ்சு உருண்டை வைத்தால் போதாது; பஞ்சு நம் ஊரில் எத்தனை கிடைத்தாலும் சரி.

மச்சான் நாலு கதவுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டார். மிச்சமான பணத்தில் தமக்கும் தறி ஓட்டும் ஆறு பேருக்கும் காது பரிசோதனை, ஆளுக்கு ஒரு டப்பா காதடைப்பான். போன காது வராது, இருப்பதையாவது காப்பாற்றலாம்.

"இதப் போட்டா நூல் அறுந்தது தெரியாதுங்களே" என்று முனகினார் ஒருவர். ஒரு வாரம் கழித்து விசாரித்தேன்.

"தறிச் சத்தம் கேக்குதுங். சாயங்காலம் வர்ற தலைவலியத்தான் காணோமுங்!"