கடல் மீன் வளர்க்கப் போறீங்களா? மீனுக்கு முன்னால வடிகட்டியைப் பாருங்க!

போத்தனூர்,

கோவையில் எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. போத்தனூரில் ரெயில் ஏறினால் கொச்சிக் கடலைப் பார்க்க சுமார் 190 கி.மீ. போக வேண்டும். ஆனாலும் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக 2 கோமாளி மீன் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. 2003-ல் வந்த 'பைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்த குழந்தைகள் உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம்!

கடைக்குப் போனதும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"ஏனுங்கண்ணா, இந்த மீன் ஜோடி என்ன வெலைங்க?"

கேள்வியே தப்பு. "தண்ணியைச் சுத்தம் பண்ண என்ன வைக்கோணுங்க?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் மீனை வாங்கி வந்தால் ஒரு வாரத்தில் மீன் மிதக்கும். பணமும் போகும், உயிரும் போகும்.

உப்புத் தண்ணி வேறு, கடல் தண்ணீர் வேறு

நம் ஊரில் சிறுவாணித் தண்ணீர் 'நல்ல தண்ணி'. போர் தண்ணீர் 'உப்புத் தண்ணி'. "உப்புத் தண்ணிதானே, கடல் மீனுக்கு ஒத்துக்குமுங்க" என்று போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடக் கூடாது. அது வாளியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்.

சமையல் உப்பைக் கரைத்தாலும் கடல் தண்ணீர் ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மக்னீசியம் போன்ற சத்துகளில் பெரும்பகுதி அடியில் நிற்கும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே.

மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் மணல் போக 170 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு 6 கிலோ உப்பு வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவியில் போர் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு இருந்தால் அதை மூடிவிடுங்கள்.

சென்னை மெரினாவில் 1909-ல் கடல் மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அதன் வாசலிலேயே கடல் இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை கலக்கிய தண்ணீரைத்தான் சுத்தம் செய்து சுத்தம் செய்து ஓட்ட வேண்டும். அதனால்தான் வடிகட்டி முக்கியம்.

தொட்டியும் புளிக்க வேண்டும்!

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கொடியதல்ல. வாரம் 10 சதவீதம் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும்.

இந்த பாக்டீரியா குடியிருக்க இடம் கொடுப்பதுதான் வடிகட்டியின் முதல் வேலை. அழுக்கைப் பிடிப்பது அடுத்த வேலை.

இட்லி மாவு ஒரு ராத்திரியில் புளித்துவிடும். தொட்டி 'புளிக்க' 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனைப் பெட்டி காட்டும் வரை மீனை விடக் கூடாது. எவ்வளவு உயர்ந்த வடிகட்டி வாங்கினாலும் இந்தக் காத்திருப்பிலிருந்து தப்ப முடியாது.

எந்த வடிகட்டி?

கடையில் 4 விதம் காட்டுவார்கள்.

மணலுக்கு அடியில் வைக்கும் தட்டு: விலை மலிவு, பழைய முறை. அழுக்கு தட்டுக்கு அடியில் சேர்ந்துகொண்டே போகும். தொட்டியைக் கலைக்காமல் அதை எடுக்க முடியாது.

பின்னால் தொங்கும் பெட்டி: சிறிய தொட்டிக்கும் ஒன்றிரண்டு மீனுக்கும் போதும். இடம் குறைவாக உள்ள வாடகை வீட்டுக்கு ஏற்றது.

கேனிஸ்டர்: தொட்டிக்குக் கீழே மூடி வைக்கும் உருளை. சத்தம் இருக்காது. ஆனால் 2 வாரத்துக்கு ஒருமுறை திறந்து கழுவாவிட்டால், சிக்கிய கழிவு அழுகி நைட்ரேட் ஏறும். கரண்ட் பல மணி நேரம் நின்றால் உள்ளே பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேராக மீனிடம் போகும்.

சம்ப்: நம் வீடுகளில் சம்ப் என்றால் வாசலில் தரைக்குக் கீழே இருக்கும் தொட்டி. இங்கே அது மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் முதலில் துணிப்பையில் வடியும். அடுத்து ஸ்கிம்மர், அதற்கடுத்து பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையங்கள். கடைசியில் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும்.

முதல் தொட்டிக்கு இடமும் பணமும் இருந்தால் சம்ப்தான் நல்லது. கருவி எதுவும் தொட்டிக்குள் தெரியாது. மொத்தத் தண்ணீரின் அளவும் கூடும். தண்ணீர் கூடினால் தவறு நேர்ந்தாலும் விஷம் சட்டென்று ஏறாது.

நுரையில் போகும் அழுக்கு

ஸ்கிம்மர் என்ன செய்கிறது? வெல்லம் காய்ச்சும் இடத்தில் கொப்பரையில் பொங்கி வரும் அழுக்கை வாரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். பொடிக் காற்றுக் குமிழிகளில் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் சேரும். கழிவு அழுகி அம்மோனியா ஆகும் முன்பே வெளியே போய்விடுகிறது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் இது சரியாக நுரைக்காது. கடல் தண்ணீருக்கென்றே உள்ள கருவி.

170 லிட்டர் தொட்டிக்கு 170 லிட்டர் என்று எழுதிய ஸ்கிம்மர் வாங்க வேண்டாம். ஒரு படி பெரியதாக வாங்குங்கள்.

பம்ப் ஊரில் பம்ப் பாடமா?

கோவைக்காரருக்கு 'ஹெட்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. 4 அடி மேலே ஏற்றினால் குறையும். தொட்டித் தண்ணீர் மணிக்கு 5 முதல் 10 முறை சுழல வேண்டும். நம் 170 லிட்டருக்கு, மேலே போய் விழும் தண்ணீர் மணிக்கு 850 முதல் 1,700 லிட்டர் இருக்க வேண்டும்.

குழாய், வால்வு எல்லாம் பிளாஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும். பித்தளை, செம்பு கூடவே கூடாது. உப்புத் தண்ணீரில் செம்பு கரைந்தால் இறால், நத்தை உயிருக்கு ஆபத்து.

கரண்ட் போனால் மேலே உள்ள தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அதைத் தாங்க சம்ப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர்! வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் எர்த்தும் இ.எல்.சி.பி.யும் கட்டாயம்.

உயிர்ப்பாறை வாங்காதீர்கள்!

1960-களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழியையும் வைத்தே தொட்டியைச் சுத்தமாக வைத்துக் காட்டினார். வெளிநாடுகளில் இன்றும் பாறைதான் பலருக்கு வடிகட்டி.

அந்த வழி நமக்கு ஆகாது. அந்தப் பாறையில் பெரும்பகுதி பவளம். பாறை கட்டும் பவளங்கள், கடல் குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "யாருக்குங்க தெரியப் போகுது?" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கியதே அந்தப் பவளத்தைக் காக்கத்தான்.

பாறைக்குப் பதில் பீங்கான் வளையம், பீங்கான் கட்டி வையுங்கள். பாக்டீரியாவுக்கு வீடு எதுவானாலும் ஒன்றுதான். பவளம் இல்லாததால் விலை உயர்ந்த விளக்கும் தேவையில்லை. அந்தப் பணத்தை ஸ்கிம்மரில் போடுங்கள்.

மீனையும் கடலில் பிடித்ததாக வாங்காமல், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததாகக் கேளுங்கள். கோமாளி மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அதன் மண்டபம் மையமும் இந்த வேலை நடந்த இடம். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி இல்லாமலும் வாழத் தெரியும்.

ஆடிக் காற்றில் கவனம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே நிற்கும். அதனால் வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டாமல் சிறிய விசிறி ஒன்று வையுங்கள்.

பீங்கான் வளையத்தைக் குழாயடியில் கழுவாதீர்கள். 6 வாரம் வளர்த்த பாக்டீரியா குளோரினில் ஒரு நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து மாற்ற எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கடைக்குப் போகும்போது இந்த 3 கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: ஸ்கிம்மர் எத்தனை லிட்டருக்கு? 4 அடி ஏற்றினால் பம்ப் எவ்வளவு தள்ளும்? மீன் எந்தப் பொரிப்பகத்தில் வளர்ந்தது?

மூன்றுக்கும் பதில் சொல்லி, "மீனுக்கு 6 வாரம் கழிச்சு வாங்கண்ணா" என்று அனுப்பி வைக்கிறாரே, அவரிடம் நம்பி வாங்கலாம்.