புலன் அமைந்தால் பிள்ளை அமையும்

உயிர்களை அவை பெற்ற அறிவின் அளவால் வகுத்துக் காட்டிய தொல்காப்பியர், மரபியலில் முதற்கண் வைத்தது உற்றறியும் அறிவையே. அதன் பின்னர் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் முறையே வருகின்றன. மனம் ஆறாவதாக நிற்கின்றது. இவ்வரிசையைப் பரீட்சையின் பொருட்டு மனனஞ் செய்த மாணாக்கர் பலர். ஆசிரியர் கருதியது உயிர்ப் பாகுபாடே எனினும், வகுப்பறையில் நின்று பழகிய ஒருவர்க்கு அவ்வரிசை வேறொன்றையும் நினைவூட்டும். புலன்கள் ஐந்தும் ஓரளவு அமைதியுற்ற பின்னரே ஆறாவதாகிய மனம் தன் தொழிலைச் செவ்வனே செய்யும். புலன் கலங்கி நிற்கும் பிள்ளைக்கு அரிச்சுவடி கற்பிக்கப் புகுதல், கலங்கிய நீரிலே முகம் பார்க்க முயல்வதை ஒக்கும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளிலே இத்தகைய பிள்ளைகள் இல்லாத வகுப்பு அரிது. ஒருவன் இருக்கையில் இருப்புக்கொள்ளான். அயலிலிருப்பவனை இடித்துக்கொண்டே இருப்பான். ஒருத்தி மணியோசை கேட்ட மாத்திரத்தே காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். மற்றொருவன் சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்துகிறதென்று அதனைக் கிழித்தெறிவான். இவர்களுக்கு நாம் இடும் பெயர்கள் யாவை? அடங்காப்பிடாரி என்போம், செல்லத்தால் கெட்டது என்போம், பேய்க்கோளாறு என்று நூல் கட்டுவோரும் உளர். பிரம்பு பேசும், பின்னர்ப் பிள்ளை பாடசாலைக்கு வருவதே நின்றுபோம். ஒரு பிள்ளையின் கல்வி முழுவதும் இவ்விடத்திலே தங்கியிருத்தலால் இதனைச் சிறு பொருளென்று ஒதுக்குதல் தகாது.

புலன் ஐந்தா, ஏழா?

அமெரிக்க நாட்டிலே தொழில்வழிச் சிகிச்சைத் துறையிற் பணியாற்றிய ஜீன் அயர்ஸ் என்னும் அம்மையார், 1972ஆம் ஆண்டிலும் 1979ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில் இப்பொருளை விரிவாக ஆராய்ந்தார். ஐம்புலன்களோடு வேறிரண்டினையும் அவர் வற்புறுத்தினார். ஒன்று, உட்செவியில் அமைந்து உடலின் ஆட்டத்தையும் சாய்வையும் உணர்த்தும் சமநிலைப் புலன். மற்றொன்று, தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து, நம் கையும் காலும் எங்கே உள்ளன, எவ்வளவு விசையோடு இயங்குகின்றன என்று உணர்த்தும் புலன். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுகின்றோமே, அது இப்புலனின் துணையாலன்றோ?

இவ்வேழு வாயில்களாலும் வரும் செய்திகளை மூளை ஒருங்கு சேர்த்து ஒழுங்குசெய்கின்றது. சில பிள்ளைகளுக்கு அவ்வொழுங்கு எளிதில் அமைவதில்லை. சிற்றொலியும் ஒருவனுக்கு இடியோசையாகும். வேறொருவனுக்கோ மெல்லிய தொடுகை எட்டுவதேயில்லை; ஆதலின் அவன் மோதியும் குதித்தும் தன் உடலைத் தானே தேடுகின்றான். முன்னவன் அஞ்சுபவன், பின்னவன் பசித்தவன். இருவரையும் நாம் குறும்பர் என்று ஒரே பட்டியில் அடைக்கின்றோம்.

பசி என்ற சொல் இங்கே பொருத்தமுடையது. 1984ஆம் ஆண்டிலே பட்ரீசியா வில்பார்கர் என்னும் சிகிச்சையாளர், நாள் முழுவதும் அளவறிந்து புலன்களுக்கு வேண்டுவன ஊட்டும் ஏற்பாட்டினைப் புலன்களுக்குரிய உணவுத்திட்டம் என்று வழங்கினார். உணவினை அளவறிந்தும் பசியறிந்தும் உண்ணவேண்டும் என்று மருந்து அதிகாரத்திலே வள்ளுவர் விதித்த நெறியை நாம் அறிவோம். அந்நெறி இதற்கும் ஏற்றதே. பசித்து அழுதபின் ஊட்டுவதினும் பசிக்கும் வேளையறிந்து ஊட்டுதல் நன்று.

இலங்கைக்கு முற்றிலும் புதியதன்று

புலன்களின் வழியே கல்வி என்னும் கருத்து நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. 1907ஆம் ஆண்டில் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பொன்றிலே சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், 1939ஆம் ஆண்டிலே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். சொரசொரப்பான பலகையைத் தடவுதல், நிறையறிந்து அடுக்குதல், நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றில் வார்த்தல், ஓசையின்றி நடத்தல் என்பன அம்முறையின் பயிற்சிகள். இன்று அப்பெயர் நகரத்துக் கட்டணப் பள்ளிகளின் வாயிற்பலகையில் மிளிர்கின்றது. ஆயின் அது முதலிற் பிறந்தது கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக என்பதை மறத்தலாகாது.

தோட்டத்தின் இயல்பு

சப்பிரகமுவத் தோட்டத்து நாள் விடியுமுன் தொடங்குவது. வெயிலேறுமுன் பால் நன்றாக வடியுமாதலின், இறப்பர் வெட்டும் தாய் இருள் பிரியும் வேளையிலே மலையேறுவாள். தேயிலைத் தோட்டமாயின் பெரட்டுக்குச் செல்வாள். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் ஆயாவின் பொறுப்பாகும். மூத்த பிள்ளை பாட்டியோடோ அக்காளோடோ பாடசாலைக்குப் புறப்படும். அவசரமும் கூச்சலும் நிறைந்த இவ்வேளையே புலன் நொய்ந்த பிள்ளைக்கு முதற் சோதனை.

லயத்திலே ஒரு காம்பராவின் சுவரே அடுத்த காம்பராவின் சுவராம். ஒரு வீட்டுப் பாட்டும் சண்டையும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் செவியிலே விழுந்துகொண்டிருக்கும். பெருமழைக்குப் பெயர்போன இரத்தினபுரிப் பக்கத்தில், தகரக் கூரையின்மேல் மழை கொட்டும்போது ஆசிரியரின் குரல் முன்வரிசைக்கும் எட்டாது. புகைக்கூடத்தின் நெடி, உறைந்த இறப்பர்ப் பாலின் புளித்த வாடை, மாரியம்மன் திருவிழாவின் தப்போசை, திடீரென வெடித்துச் சிதறும் இறப்பர்க் காய் ஆகிய இவையெல்லாம் நமக்குப் பழகியவை. ஒரு பிள்ளைக்கு இவற்றுள் யாதேனும் ஒன்று பொறுக்கலாகாததாய் இருக்கக்கூடும்.

ஆயினும் அதே தோட்டம் மருந்தையும் வைத்திருக்கின்றது. ஏறி இறங்க மலைப்பாதை உண்டு. பீலியில் விழும் தண்ணீர் உண்டு. ஊஞ்சல் கட்ட மரக்கிளை உண்டு. பிசைய ரொட்டி மா உண்டு. விலைகொடுத்து வாங்கவேண்டிய கருவி ஒன்றுமில்லை. வேண்டுவது திட்டம் ஒன்றே.

பிள்ளைத்தமிழ் காட்டும் வழி

இவ்விடத்திலே நம் இலக்கியத்தைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் தகும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி இவ்வகை நூல்கள் பல நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் பருவங்களைப் பாருங்கள். செங்கீரையிலே குழந்தை ஒருகாலை மடித்து, ஒருகாலை நீட்டி, இருகையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகின்றது. தசையும் மூட்டும் சமநிலையும் ஒருங்கே தொழிற்படும் நிலை அது. தாலப் பருவத்திலே நாவசைத்து எழும் ஒரே சீரான ஓசை துயிலைக் கூட்டுகின்றது. சப்பாணியிலே கையோடு கை சேர்கின்றது. ஆண்பாலில் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும், பெண்பாலில் கழங்கும் அம்மானையும் ஊசலும் பின்னே வருகின்றன.

இந்நூல்களை யாத்த புலவர்கள் சிகிச்சை நூல் எழுதினர் என்பது நம் கருத்தன்று. குழந்தையை உற்றுநோக்கி, அதன் உடல் எவற்றை நாடுகின்றது என்று கண்டு, அவற்றையே பருவங்களாக வகுத்தமைத்தது நம் மரபு என்பதே கூறவந்தது. ஆட்டமும் தாளமும் தள்ளலும் இழுத்தலும் குழந்தையின் வீண்பொழுதல்ல, வளர்ச்சியின் தொழில்.

ஒரு நாளின் ஒழுங்கு

இனி, திட்டம் வகுக்கும் முறையை நோக்குவோம். முதலில் ஒரு கிழமை உற்றுநோக்குதல் வேண்டும். பிள்ளை எவ்வேளையில், எவ்விடத்தில், எதற்குப் பின் கலங்கினான் என்பதனைக் கொப்பியில் ஒரு வரி எழுதிவருக. ஏழாம் நாள் படித்தால் ஒழுங்கு ஒன்று தானே புலப்படும். கலக்கம் வரும் வேளைக்குச் சற்று முன்னர், ஐந்து அல்லது பத்து நிமிடம் தகுந்த பயிற்சியை அமைப்பதே இம்முறையின் உயிர்நிலை. பிள்ளை அலறத் தொடங்கியபின் ஊஞ்சலில் ஏற்றுவது திட்டமாகாது.

ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். ஓயாது மோதித் திரிபவன், கூச்சலுக்கு அஞ்சுபவன். விடியலில் அவனை அதட்டி எழுப்பாது, தோளிலிருந்து கைவரையும் தொடையிலிருந்து பாதம்வரையும் உள்ளங்கையால் அழுத்தமாக நீவி எழுப்பலாம். வருடுவதுபோன்ற மெல்லிய தொடுகை சிலரைக் கூசச்செய்யும். ஆழ்ந்த அழுத்தமோ பெரும்பாலும் அமைதி தரும். முகங் கழுவியபின், பீலியிலிருந்து சிறு கலத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாம். பாடசாலைக்கு ஏறும் மலைப்பாதையே அவனுக்கு அடுத்த பயிற்சி.

வகுப்பிலே, பாடந் தொடங்குமுன் கரும்பலகை துடைத்தலும் கதிரை அடுக்குதலும் அவன் பங்காகுக. இடையிலே எல்லாப் பிள்ளைகளும் எழுந்து, உள்ளங்கையால் சுவரைத் தள்ளிப் பத்து எண்ணுதல் நன்று. ஒருவனை மாத்திரம் பிரித்துக் காட்டுதல் அவனை நாணச்செய்யும். வாசலினின்றும் மணியினின்றும் விலகிய இடத்தில் அவனை இருத்துக. மழை இருண்டு வரும்போது, இனிக் கூரை முழங்கும் என்று முன்னரே சொல்லிவிடுக. எதிர்பார்த்த ஓசையின் அச்சம் பாதியாகும். செவியைப் பொத்திக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு என்றும் அறிவிக்க.

மாலையில் ஊஞ்சல். முன்னும் பின்னுமாக மெல்லச் சீராக ஆட்டுதல் அமைதி தரும். விரைந்து சுழற்றுதல் கிளர்ச்சி தரும். இவ்வேறுபாட்டை அறியாதார் உறங்கும் வேளைக்கு முன் பிள்ளையைச் சுழற்றிவிட்டுப் பின் உறங்கவில்லையென்று சினப்பர். தாய் ரொட்டி சுடும்போது ஓர் உருண்டை மாவைப் பிசைந்து தரட்டும். கையின் தசைகளுக்கு அதனினும் நல்ல பயிற்சி அரிது. இரவில் காம்பராவின் ஒரு மூலையைப் பழஞ்சேலையால் மறைத்துக் கொடுத்தால் அதுவே அவன் தனியிடம். அது தண்டனைக்குரிய மூலையன்று. தானே போய்த் தானே மீளும் அடைக்கலம். இறுதியில் ஒரே தாலாட்டு, நாள்தோறும் அதே மெட்டில். புதுமை பெரியோர்க்கு இன்பம். மாறாமை இப்பிள்ளைகளுக்கு மருந்து.

அறிந்து விலக்கவேண்டியவை

முதலாவது, வற்புறுத்தல். கூசும் பிள்ளையின் கையைப் பற்றிச் சேற்றில் அமிழ்த்துதல் பயிற்சியன்று, கொடுமை. அவனாக ஒரு விரலை நீட்டும்வரை காத்திருத்தல் வேண்டும். ஊஞ்சலில் முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ குமட்டினாலோ உடனே நிறுத்துக. வலிப்புள்ள பிள்ளையாயின் வைத்தியரைக் கேளாது தொடங்கற்க. நீரருகே பெரியவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். பளபளக்கும் இறப்பர்க் கொட்டைகள் கழங்காட ஏற்றவையாய்த் தோன்றினும் நச்சுத்தன்மை உடையவை. வாயிலிடும் வயதினர்க்கு அவற்றைக் கொடாது கூழாங்கல்லைக் கொடுத்தலிலும் ஆபத்துண்டு. அவ்வயதினர்க்குத் துணிப்பந்தே தக்கது.

இரண்டாவது, தோட்டத்தார் சிறப்பாக எண்ணவேண்டியது ஒன்றுண்டு. பாரந் தூக்குதல் நன்று என்று கேட்டவுடன் விறகுக்கட்டையும் கொழுந்துச் சாக்கையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடலாகாது. தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் உழைப்பைக் கண்ட மண் இது. பிள்ளை விரும்பும்போது தொடங்கி விரும்பும்போது நிறுத்துவது பயிற்சி. பெரியவரின் தேவைக்காக நடப்பது வேலை. இவ்வெல்லையை ஆசிரியர் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, இதுவே எல்லா நோய்க்கும் மருந்தென்று கொள்ளற்க. புலன்வழிச் சிகிச்சையின் பயன் பற்றிய ஆய்வுச் சான்று இன்னும் குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012ஆம் ஆண்டிலே அறிவித்தது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ உணர்வு காட்டுதல் ஓட்டிசம் என்னும் நிலையின் குறிகளுள் ஒன்றாக 2013ஆம் ஆண்டிலே அந்நாட்டு உளமருத்துவர் கைந்நூலிற் சேர்க்கப்பட்டது. ஆதலால், பேச்சு வராமை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, கற்ற சொல்லை இழத்தல் ஆகியன கண்டால், குடும்பநல மருத்துவிச்சிக்குச் சொல்லி, இரத்தினபுரி அல்லது கேகாலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் கடன். செவிப்புலன் குறையோ என்றும் சோதித்தல் வேண்டும். வீட்டுப் பயிற்சி வைத்தியத்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. ஒரு பயிற்சியைச் சில கிழமை செய்தபின் கொப்பியைப் பார்த்து, பயன் தந்ததைத் தொடர்ந்து, தராததை விடுதலே அறிவுடைமை.

குழந்தையின் மெய்தீண்டல் பெற்றோர் உடலுக்கும், அதன் சொல் அவர்தம் செவிக்கும் இன்பம் என்றார் வள்ளுவர். பெற்றோர் பெறும் இன்பத்தை அவர் கூறினார். அவ்வின்பத்துக்கு ஈடாகப் பிள்ளையின் மெய்க்கும் செவிக்கும் நாம் தருவது யாது என்பதே ஒவ்வோர் ஆசிரியரும் பெற்றோரும் தம்மைக் கேட்கவேண்டிய வினா. பிரம்படியும் கூச்சலுமே அதன் விடையாயின், அப்பிள்ளை பாடசாலையை விட்டு ஓடுவதில் வியப்பில்லை. வேளையறிந்த ஊஞ்சலும், அழுத்தமான அணைப்பும், மாறாத தாலாட்டும் விடையாயின், அவன் வகுப்பிலே இருப்பான்; இருந்தாலன்றோ கற்பான்.